ஏழைகளின் பாங்கியாக இருந்த கறுப்புப் பன்றி

ஹைட்டி நாட்டு விவசாயிகள் இழந்ததும் மீட்டதும்

பாங்கி இல்லாத ஊரில் பணத்தை எங்கே போட்டு வைப்பது?

நம் பக்கத்துக் கிழவிகள் அடுக்குப் பானையில் போட்டு வைப்பார்கள். சுருக்குப் பையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொள்வார்கள். கொஞ்சம் கூடுதலாகச் சேர்ந்தால் ஓர் ஆட்டுக்குட்டியோ கன்றுக்குட்டியோ வாங்கிக் கட்டுவார்கள்.

கரிபியன் கடலில் உள்ள ஹைட்டி நாட்டு விவசாயிகள் பன்றிக்குட்டி வாங்கிக் கட்டினார்கள். அதுதான் அவர்களுக்குச் சேமிப்பு, அதுதான் இன்ஷ்யூரன்ஸ், அதுதான் பெண்ணின் கல்யாணச் செலவு, அதுதான் பையனின் பள்ளிக்கூடச் சம்பளம்.

அந்த 'பாங்கி' ஒரு நாள் மூடப்பட்டது. ஒரு ஊரில் அல்ல, நாடு முழுவதும்! 1982, 1983 ஆகிய இரண்டு வருஷங்களுக்குள் ஹைட்டியில் இருந்த கறுப்புப் பன்றிகள் அனைத்தும் சர்க்கார் உத்தரவுப்படி கொல்லப்பட்டன.

பன்றி என்றால் முகம் சுளிப்போர் உண்டு. தின்பதும் தின்னாததும் அவரவர் வழக்கம். ஆனால் ஒரு நாட்டின் சொந்த ஜாதிக் கால்நடை அழிந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடையாது. ஆடு வளர்ப்போரும் மாடு வளர்ப்போரும்கூட அறிய வேண்டிய கதை இது.

கொலம்பஸ் கொண்டுவந்த எட்டுப் பன்றிகள்

கியூபாவுக்குக் கிழக்கே ஹிஸ்பானியோலா என்று ஒரு தீவு. அதன் மேற்குப் பகுதி ஹைட்டி. கிழக்குப் பகுதி டொமினிக்கன் குடியரசு.

இந்தத் தீவில் முன்பு பன்றியே கிடையாது. 1493ஆம் ஆண்டு கொலம்பஸ் இரண்டாம் முறையாகக் கடல் கடந்து வந்தபோது, வழியில் கனேரித் தீவுகளில் ஒன்றான கோமேராவில் இறங்கினார். அங்கே எட்டுப் பன்றிகளை வாங்கிக் கப்பலில் ஏற்றிக்கொண்டார். அவற்றை இந்தத் தீவில் இறக்கிவிட்டார்.

எட்டு, எண்பதாயிற்று, எண்பது, எண்ணாயிரமாயிற்று. காட்டிலும் மலையிலும் அவை தாமாகவே பெருகின. வெயிலையும் மழையையும் தாங்காதவை செத்தன. பஞ்ச காலத்தில் தீனி தேடத் தெரியாதவை செத்தன. மிஞ்சியவை எதற்கும் அசையாத உழைப்பாளிகள். இப்படி ஐந்நூறு வருஷ காலத்தில் உருவான கறுப்புப் பன்றிக்கு 'கோஷோன் கிரியோல்' என்று பெயர். 'நம் ஊர்ப் பன்றி' என்பது பொருள்.

அந்த நாட்டின் சுதந்திர வரலாற்றிலேயே இதற்கு இடம் உண்டு. பிரெஞ்சுக்காரர்களின் கரும்புத் தோட்டங்களில் அடிமைகளாக வதைபட்ட நீக்ரோ மக்கள் 1791 ஆகஸ்டு மாதம் ஓர் இரவில் 'புவா கைமான்' என்ற காட்டில் கூடினார்கள். ஒரு கறுப்புப் பன்றியைப் பலி கொடுத்து, விடுதலைக்காகப் போராடுவதாகச் சபதம் செய்தார்கள் என்பது வழிவழியாக வரும் செய்தி. அந்தப் போராட்டத்தின் முடிவில், 1804 ஜனவரி 1ந் தேதி ஹைட்டி சுதந்திர நாடாயிற்று.

தீனிச் செலவு இல்லை

இந்தப் பன்றி பார்வைக்கு அழகில்லை. உடல் சிறியது. மூக்கு நீண்டது. கறுத்த தோல், முரட்டு மயிர். சீமைப் பன்றி ஆறு மாதத்தில் கசாப்புக்கு வந்துவிடும். இது வளர ஒரு வருஷம், அதற்கு மேலும் ஆகும்.

ஆனால் இதற்கென்று தீவனம் வாங்க வேண்டியதில்லை. மரத்தடியில் உதிர்ந்த மாம்பழம், அவகேடோ பழம், பனங்காய், வாழைத்தோல், மரவள்ளித் தோல், அறுவடை முடிந்த வயலில் கிடக்கும் மிச்சம் மீதி, இவைதான் இதன் சாப்பாடு. கொட்டகை வேண்டாம். ஒரு கயிற்றால் மரத்தில் கட்டினால் போதும். ஓரிரண்டு நாள் தீனி குறைந்தாலும் சுருண்டு விழாது.

சாப்பிட்டுவிட்டுச் சும்மா இருந்ததா? அதுவும் இல்லை. மூக்கால் மண்ணைக் கிளறிப் பயிரைக் கெடுக்கும் புழுக்களைத் தின்றது. வயலுக்கு எருப் போட்டது. கக்கூஸ் இல்லாத கிராமங்களில் தோட்டி வேலையையும் அதுவே பார்த்தது.

கெட்டுப்போகும் பொருளை எல்லாம் கெடாத சொத்தாக மாற்றியது என்று சொன்னால் மிகையாகாது. மாம்பழப் பருவத்தில் ஆயிரக்கணக்கான பழங்கள் அழுகும். அவற்றை விற்க ரோடு இல்லை. வாங்க ஆள் இல்லை. பன்றி அவற்றைத் தின்று கொழுப்பாக்கிச் சேமித்து வைத்தது. பழம் இரண்டு நாள் இருக்கும்; பன்றி இரண்டு வருஷம் இருக்கும்!

கேட்டபோது பணம்

அக்டோபர் மாதம் பள்ளிக்கூடம் திறக்கும். சம்பளம், புஸ்தகம், சீருடை என்று செலவு வரும். பன்றியைச் சந்தைக்கு ஓட்டுவார்கள். வீட்டில் யாருக்காவது காய்ச்சல் முற்றினால் பன்றியை விற்று டாக்டரிடம் போவார்கள். கல்யாணத்துக்கும் அதுவே, கருமாதிக்கும் அதுவே.

வட்டிக் கடைக்காரன் வாசலை மிதிக்காமல் ஏழை விவசாயி தலைநிமிர்ந்து வாழ்ந்ததற்கு இந்தக் கறுப்புப் பன்றி ஒரு காரணம். கிராமக் குடும்பங்களில் மிகப் பெரும்பாலானவை ஒன்றிரண்டு பன்றியாவது வைத்திருந்தன. நாட்டில் மொத்தம் பத்து லட்சத்துக்கு மேல் இருந்தன என்பது அக்காலத்தில் சொல்லப்பட்ட மதிப்பு.

புளி ஆரஞ்சும் பன்றிக் கறியும்

விருந்து என்றால் ஹைட்டியில் 'கிரியோ' என்ற பன்றி வறுவல் இல்லாமல் இலை நிறையாது. கறியைத் துண்டு போட்டுப் புளி ஆரஞ்சுச் சாற்றில் கழுவுவார்கள். பூண்டு, வெங்காயத்தாள், வாசனைத் தழை, காரமான மிளகாய் ஆகியவற்றை அரைத்துப் பூசி ஊறவைப்பார்கள். முதலில் வேகவைத்து, பிறகு மொறுமொறு என்று வறுத்து எடுப்பார்கள். தொட்டுக்கொள்ளக் காடியில் ஊறிய முட்டைக்கோஸ் - மிளகாய் ஊறுகாய். பக்கத்தில், தட்டையாக நசுக்கி இரண்டு முறை பொரித்த வாழைக்காய்.

மெதுவாக வளர்ந்த பிராணியின் கறிக்குத் தனி ருசி உண்டு. நாட்டுக்கோழிக் குழம்பையும் பிராய்லர் கோழிக் குழம்பையும் சாப்பிட்டுப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஓடியாடித் திரிந்த உடம்பில் சதை இறுகும். பலவகைத் தீனி தின்பதால் கொழுப்பில் மணம் ஏறும். ஏழை வீட்டில் அந்தக் கொழுப்பே சமையல் எண்ணெயும் ஆயிற்று.

வந்தது கொள்ளை நோய்

1978ஆம் ஆண்டு ஜூலை மாதம் டொமினிக்கன் குடியரசில் பன்றிகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. சோதித்துப் பார்த்தபோது அது 'ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல்' என்று தெரிந்தது.

ஆப்பிரிக்காவின் காட்டுப் பன்றிகளிடம் இந்தக் கிருமி ஆதிகாலம் முதல் இருந்து வந்தது. அவற்றுக்கு அது பெரிய தீங்கு செய்வதில்லை. வீட்டுப் பன்றிக்குத் தொற்றினாலோ, பெரும்பாலும் மரணம்தான். 1921ஆம் ஆண்டு கென்யாவில் இந்த நோயைப் பற்றி முதன்முதலாக எழுதி வைத்தார்கள். 1957ல் அது ஆப்பிரிக்காவைத் தாண்டிப் போர்ச்சுகலின் லிஸ்பன் நகருக்கு வந்தது. ஆகாய விமானங்களில் மிஞ்சிய சாப்பாட்டை விமான நிலையத்தை அடுத்திருந்த பன்றிகளுக்குப் போட்டதே அதற்குக் காரணம். மனிதரை அது தொடுவதில்லை. ஆனால் அந்தக் காலத்தில் அதற்குத் தடுப்பு ஊசியும் இல்லை, மருந்தும் இல்லை.

எல்லைக் கோடு கிருமிக்குத் தெரியுமா? விரைவிலேயே அது ஹைட்டிக்குள் புகுந்தது. ஆர்ட்டிபோனைட் ஆற்றுப் பள்ளத்தாக்கில் பன்றிகள் விழுந்தன. பயந்துபோன ஜனங்கள் கிடைத்த விலைக்கு விற்றார்கள். பலர் தாங்களே அடித்துத் தின்றார்கள்.

ஆனால் ஒரு விசித்திரம் நிகழ்ந்தது. நாட்கள் செல்லச் செல்லச் சாவு குறைந்தது. கணிசமான கறுப்புப் பன்றிகள் நோயிலிருந்து தப்பிப் பிழைத்தன. 'நம் பன்றி தாக்குப் பிடித்துவிட்டது' என்று விவசாயிகள் நம்பினார்கள்.

நிபுணர்கள் வேறு விதமாக நினைத்தார்கள். பிழைத்த பன்றி கிருமியைச் சுமந்து திரியலாம். அதனிடமிருந்து மற்ற நாடுகளுக்கும் நோய் பரவலாம். முக்கியமாக, மிகப் பெரிய பன்றித் தொழில் நடக்கும் அமெரிக்கா அடுத்தாற்போல் இருக்கிறதே! இந்தப் பயம் பொய்ப் பயம் அல்ல. 1971ல் கியூபாவில் இதே நோய் வந்தபோது சுமார் ஐந்து லட்சம் பன்றிகள் அழிக்கப்பட்டன.

ஒன்று விடாமல்...

அமெரிக்கா, கனடா, மெக்சிகோ ஆகிய நாடுகளும் ஹைட்டி சர்க்காரும் சேர்ந்து 1981ல் ஒரு திட்டம் வகுத்தன. செலவு சுமார் 2 கோடியே 30 லட்சம் டாலர். இதில் பெரும் பங்கு அமெரிக்கப் பணம். அப்போது ஹைட்டியை ஆண்டவர் சர்வாதிகாரி ஜீன் - குளோட் துவாலியே. விவசாயிகளை யார் கேட்டார்கள்?

1982ல் கொலைப் படலம் தொடங்கியது. ஊர் ஊராகச் சென்று பன்றிகளைப் பிடித்துக் கொன்றார்கள். நஷ்டஈடு உண்டு. பெரிய பன்றிக்கு 40 டாலர், நடுத்தரத்துக்கு 20 டாலர், குட்டிக்கு 5 டாலர் என்று விகிதம் வைத்தார்கள். அந்தப் பணம் சிலருக்கு முழுதாக வந்தது. சிலருக்குப் பாதி வழியில் கரைந்தது. சிலருக்கு வரவே இல்லை. மலைகளில் பன்றிகளை ஒளித்து வைத்தவர்கள் உண்டு. அவற்றையும் தேடிக் கண்டுபிடித்தார்கள்.

1983ன் நடுப்பகுதிக்குள் 3 லட்சத்து 80 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் ஒழிக்கப்பட்டன. 1984ல் ஹைட்டி நோயற்ற நாடு என்று அறிவித்தார்கள். நோயை ஒழிப்பது என்ற நோக்கம் நிறைவேறியது. கூடவே, ஐந்நூறு வருஷத்துப் பன்றி ஜாதி ஒன்றும் பூண்டற்றுப் போயிற்று.

நாலு கால் இளவரசர்கள்

'பழைய பன்றி போனால் என்ன? அதைவிடப் பெரிய பன்றி தருகிறோம்' என்றார்கள். அமெரிக்காவின் அயோவா ராஜ்யத்திலிருந்து வெள்ளையும் சிவப்புமாகக் கொழுத்த பன்றிகள் வந்து இறங்கின. குட்டியும் அதிகம் போடும்; சீக்கிரமும் வளரும். காகிதத்தில் கணக்குப் போட்டால் லாபமோ லாபம்!

நடந்தது வேறு. அந்தப் பன்றிக்குச் சிமெண்டுத் தரை வேண்டும். மேலே கூரை வேண்டும். வெயிலில் விட்டால் தோல் வெந்துவிடும். குடிக்கச் சுத்தமான தண்ணீர் வேண்டும். தின்ன, மூட்டையில் வரும் கலப்புத் தீவனம் வேண்டும். அதுவும் வெளிநாட்டுச் சரக்கு. காய்ச்சல் வந்தால் ஊசி வேண்டும்.

விவசாயிக்கே ஒழுகாத கூரை இல்லை. அவர் குழந்தைக்கே சுத்தமான தண்ணீர் இல்லை. ஆகவே ஜனங்கள் அந்தப் பன்றிகளுக்கு 'நாலு கால் இளவரசர்கள்' என்று பட்டம் சூட்டினார்கள். சிரிப்புத்தான், ஆனால் கண்ணீரை அடக்கிக்கொண்டு சிரித்த சிரிப்பு.

கொட்டகை கட்டவும் தீவனம் வாங்கவும் முடிந்த வசதிக்காரர்கள் புதுப் பன்றியால் பயன் அடைந்தார்கள். முடியாதவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். இதில் அயோவாப் பன்றியின் குற்றம் ஒன்றுமில்லை. அது தன் ஊரில் நல்ல பன்றிதான். சோளம் மலையாகக் குவியும் ஊருக்காக வளர்த்த ஜாதி அது. மாங்கொட்டையைச் சப்பி வாழும் ஊரில் அது என்ன செய்யும்?

கரியாகிப் போன மரங்கள்

சேமிப்பு இல்லாத வீட்டில் அவசரச் செலவு வந்தால் என்ன செய்வது? கையில் இருப்பதை விற்க வேண்டியதுதான். விவசாயிகளின் கையில் மிஞ்சியவை மரங்கள். அவற்றை வெட்டிக் கரி சுட்டு விற்றவர்கள் ஏராளம். முன்பே மொட்டையாகிக்கொண்டிருந்த மலைகள் இன்னும் மொட்டையாயின. மேல் மண் மழையில் கரைந்து கடலுக்குப் போயிற்று.

பலர் வட்டிக்குக் கடன் வாங்கினார்கள். பலர் நிலத்தை விட்டுத் தலைநகரான போர்ட்டோ பிரின்ஸின் குடிசைகளுக்குப் போனார்கள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் குறைந்தார்கள். பாதிரியாராக இருந்து பின்னர் ஜனாதிபதியான அரிஸ்டீட், 2000ஆம் ஆண்டு எழுதிய நூலில், விவசாயிகளின் நஷ்டம் 60 கோடி டாலர் என்று கணக்குச் சொல்லியிருக்கிறார். கணக்கை எப்படிப் போட்டாலும் சரி. 40 டாலர் நஷ்டஈடு ஒரு பாங்கிக்கு ஈடாகாது என்பது மட்டும் நிச்சயம்.

1986 பிப்ரவரி 7ந் தேதி துவாலியே நாட்டை விட்டு ஓடினார். ஜனங்களின் கோபத்துக்குக் காரணங்கள் பல. பறிபோன பன்றியும் அவற்றில் ஒன்று.

மீண்டும் வந்த கறுப்புப் பன்றி

சர்வாதிகாரி போன பிறகு விவசாயிகள் உரக்கக் கேட்டார்கள்: 'எங்கள் கறுப்புப் பன்றியைக் கொடு!'

செத்த ஜாதியை எங்கிருந்து கொண்டு வருவது? பிரெஞ்சு நாட்டு நிபுணர்கள் ஒரு வழி கண்டார்கள். மூன்று ஜாதிகளைச் சேர்த்தார்கள். ஒன்று, அதே கரிபியன் கடலில் உள்ள குவாதலூப் தீவின் நாட்டுப் பன்றி. இது ஹைட்டிப் பன்றிக்குச் சகோதரி மாதிரி. இரண்டாவது, ஏராளமாகக் குட்டி போடும் சீனப் பன்றி. மூன்றாவது, பிரான்சின் தென்மேற்கில் உள்ள காஸ்கனிக் கறுப்புப் பன்றி. இந்தக் கலப்பிலிருந்து கறுத்த, உரமான, கிடைத்ததைத் தின்னும் பன்றி பிறந்தது. 1980களின் பிற்பகுதியில் அது ஹைட்டி கிராமங்களுக்குப் போயிற்று. அது பழைய பன்றியே அல்ல. ஆனால் பழைய பன்றி செய்த வேலையைச் செய்யக்கூடிய பன்றி.

இதில்தான் ஒரு பெரிய பாடம் இருக்கிறது. காஸ்கனிப் பன்றியே அப்போது சாகக் கிடந்த ஜாதி! 1981ஆம் ஆண்டு தேடிப் பார்த்தபோது பிரான்சு முழுவதிலும் 34 பெண் பன்றியும் 2 ஆண் பன்றியும்தான் மிஞ்சியிருந்தன. மெதுவாக வளர்கிறது, கொழுப்பு அதிகம் என்று அங்கேயும் ஒதுக்கிவிட்டார்கள். அந்த 36 பன்றிகளும் கசாப்புக்குப் போயிருந்தால், கடலுக்கு அப்பால் இருந்த ஹைட்டி விவசாயிக்கு இந்த உதவி கிடைத்திருக்காது.

சாப்பிட்டால் பிழைக்கும்!

காஸ்கனிப் பன்றி எப்படிப் பிழைத்தது? சாப்பிட்டதால் பிழைத்தது. வேடிக்கையாக இல்லையா?

மிருகக்காட்சி சாலையில் வைத்துப் பன்றி ஜாதியைக் காப்பாற்ற முடியாது. வளர்ப்பவருக்கு வருமானம் வேண்டும். வருமானம் வர, வாங்கித் தின்ன ஆள் வேண்டும். காஸ்கனி விவசாயிகள் பன்றியைப் புல்லிலும் மரத்தடியிலும் மேயவிட்டுக் குறைந்தது ஒரு வருஷம் வளர்த்தார்கள். அதன் தொடையை உப்பிட்டு ஒன்றரை வருஷத்துக்கு மேல் காற்றில் உலர்த்தினார்கள். கொழுப்பு குறைந்த தொடை அத்தனை நாள் தாங்காது, விறகாகிவிடும். எதைக் குறை என்றார்களோ, அந்தக் கொழுப்பே நிறையாயிற்று! விலை கூட, ஆனாலும் வாங்க ஆள் உண்டு. 'நுவார் த பிகோர்' என்ற பெயரில் விற்கும் அதற்கு 2017ல் ஐரோப்பிய யூனியனின் பாதுகாப்புப் பட்டம் கிடைத்தது. நம் ஊர்ச் சரக்குகளுக்குப் புவிசார் குறியீடு தருகிறார்களே, அதைப் போல.

நோயைக் கண்டு கொல்ல வேண்டிய நேரத்தில் கொல்லத்தான் வேண்டும். ஆனால் ஒரு ஜாதியின் விதையை எடுத்து வைத்த பிறகே கொல்ல வேண்டும். 2007ல் சுவிட்சர்லாந்தின் இண்டர்லாக்கன் நகரில் கூடிய உலக நாடுகள், நாட்டு ஜாதிக் கால்நடைகளைக் காப்பது என்று ஒரு திட்டத்தை ஏற்றுக்கொண்டன. ஹைட்டியின் கறுப்புப் பன்றிக்கு அது இருபத்து நாலு வருஷம் பிந்தி வந்த ஞானம்.

நமக்கும் அருகில்

இது எங்கோ நடந்த கதை என்று இருந்துவிட முடியாது. ஏறக்குறைய நாற்பது வருஷத்துக்குப் பிறகு, 2021ல் அதே காய்ச்சல் டொமினிக்கன் குடியரசிலும் ஹைட்டியிலும் மறுபடி தலைகாட்டியது. 2020ல் அது அஸ்ஸாம், அருணாசலப் பிரதேசம் வழியாக இந்தியாவிலும் புகுந்தது. 2022ல் கேரளத்து வயநாட்டுக்கு வந்தது. 2023 ஜனவரியில் நீலகிரி மாவட்டத்தில் உள்ள முதுமலையில் காட்டுப் பன்றிகள் இந்த நோயால் செத்தன. 2024ல் இலங்கையிலும் பரவியது. 2023ல் வியட்நாம் தடுப்பு ஊசிக்கு அனுமதி கொடுத்திருந்தாலும், உலகம் முழுவதும் நம்பிப் போடும் நிலைமை இன்னும் வரவில்லை.

இந்தியாவிலும் நாட்டுப் பன்றி ஜாதிகள் உண்டு. வங்காளத்தின் குங்ரூ, மேகாலயாவின் நியாங் மேகா, கோவாவின் அகோண்டா, நாகாலாந்தின் தென்யி வோ ஆகியவை சர்க்கார் பதிவேட்டில் ஏறியவை. மலை நாட்டு ஏழைப் பெண்களின் கொல்லைப்புறத்தில்தான் அவற்றில் பலவும் வளர்கின்றன. நோய் வந்தால் முதலில் பறிபோவது அந்தப் பெண்களின் சேமிப்புத்தான்.

நாட்டு ஜாதி என்பது பழம் பெருமை பேசுவதற்கான பொருள் அல்ல. அந்த மண்ணில் கிடைப்பதைத் தின்று, அந்த வெயிலைத் தாங்கி, அந்த ஜனங்களின் கைக்கு அடங்கிய செலவில் வாழக் கற்றுக்கொண்ட பிராணி அது. அந்தப் படிப்பை அது முடிக்க ஐந்நூறு வருஷம் பிடித்தது. ஹைட்டியில் அதை அழிக்க இரண்டு வருஷம்கூடத் தேவைப்படவில்லை.